பக்கத்து நாற்காலிச் சத்தம்

அன்று அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். மேலாளர். கீபோர்டு கடைக்காரர். தட்டச்சு செய்கிற நால்வர். சாமான் கணக்கு எழுதுகிற நான்.

அந்த நால்வருக்கும் அலுவலகத்தில் பட்டப்பெயர்தான். மூத்தவள் அக்கா. ஓய்வு நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் சண்டை போடுகிறவன் சிப்பாய். ஊசி விழுந்தாலும் தலைவலி வருகிற பெண் மெல்லிசு. எல்லோரையும்விட விரைவாகத் தட்டுகிறவர் வேகம். வேகத்துக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டர் அவருடைய ஒரு காதில் படித்துச் சொல்லும்.

பதிவு செய்த பேச்சைக் கேட்டுத் தட்டுவது அவர்கள் வேலை. பழைய கீபோர்டுகளில் எழுத்து அழிந்து, சில கீ அமுக்கினால் எழுந்திருக்காமல் கிடந்தன. புதிது வாங்க மேலாளர் ஒருவழியாகச் சம்மதித்திருந்தார்.

கடைக்காரர் பெட்டியைத் திறந்தார். எண்ணினேன். பத்து.

"எல்லாமே மெக்கானிக்கல் சார். ஒவ்வொரு கீக்கும் அடியில தனி சுவிட்ச். நீல சுவிட்ச் அஞ்சு, அது டக் டக்னு கேட்கும். சிவப்பு அஞ்சு, அது வாயே திறக்காது. கேம் ஆடுறவங்களும் சிவப்பைத்தான் கேட்பாங்க."

"அப்போ எனக்குச் சிவப்பு!" என்று சிப்பாய் பாய்ந்தான்.

"வேலைக்கா, விளையாட்டுக்கா?" என்றார் மேலாளர்.

"ரெண்டுக்கும் கை ஒண்ணுதானே சார்."

மெல்லிசும் சிவப்பு. மேலாளரும் சிவப்பு.

"வேகம், உங்களுக்கு?"

"எனக்கு எதுக்கு சார்? வெள்ளிக்கிழமையோட நான் நின்னுக்கறேனே."

வேலையை விடுவதாக அவர் கடிதம் கொடுத்து நான்கு நாள் ஆகியிருந்தது. 'சொந்தக் காரணம்' என்று மட்டும் எழுதியிருந்தார். வேறு வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டதற்கு, இன்னும் இல்லை என்றார். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருவர். மேலாளர் எவ்வளவோ சொல்லியும் அசையவில்லை. வெள்ளிக்கு இன்னும் இரண்டே நாள்.

அக்கா ஐந்து நீலத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள்.

"இதுலயே ரொம்பச் சத்தம் போடுறது எது?"

கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தன் மேசையில் செருகித் தட்டினாள். தகரத்தில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இருந்தது.

மெல்லிசு காதைப் பொத்திக்கொண்டாள். "அக்கா! இது கீபோர்டா, கல் உடைக்கிற மிஷினா?"

"எனக்கு இதுதான்."

சிப்பாய் குனிந்து மெதுவாகச் சொன்னான். "கொஞ்சம் யோசிங்கக்கா. பக்கத்துல யாரு? காதை வச்சு வேலை பார்க்கிற மனுஷன். அவர் காதுகிட்ட இதைத் தட்டுவீங்களா?"

"தட்டுவேன்."

"இன்னும் ரெண்டு நாள்தானே இருக்கப் போறாரு. அதுவரைக்குமாவது சும்மா இருங்களேன்," என்றாள் மெல்லிசு.

"அந்த ரெண்டு நாளுக்குத்தான் எனக்கு இது வேணும்."

ஆறு வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவள் பேசுகிற பேச்சா இது? நோட்டில் 'நீலம் 1' என்று எழுதும்போது பேனாவைக் கொஞ்சம் அழுத்தினேன், அவ்வளவுதான்.

மேலாளர் தொண்டையைச் செருமினார். "வேகம், தொந்தரவா இருக்குன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க. மாத்தச் சொல்லிடறேன்."

வேகம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா தட்டுவதை நிறுத்திவிட்டு, எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

"எழுந்து போயிட்டாங்க," என்றார் வேகம், தனக்குள் சொல்வதுபோல.

திரும்பி வந்து தட்டினாள்.

"வந்துட்டாங்க." அவர் முகம் மலர்ந்தது. "தொந்தரவு இல்ல சார். பழைய கீபோர்டுல சத்தமே வராது. தரையில விரிப்பு, நடக்கிறதும் கேட்காது. பக்கத்துல ஆள் இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? போன வாரம் என் பொண்ணு பரிசு வாங்கினதை அக்காகிட்ட சொல்லிட்டிருந்தேன். அஞ்சு நிமிஷம். அப்புறம் பார்த்தா அது காலி நாற்காலி. எல்லாரும் சிரிச்சீங்க. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சு வச்சேன்."

அன்று சிரித்தவர்கள் நான்கு பேர். மேலாளர், சிப்பாய், மெல்லிசு, நான். அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தபோதும் நாங்கள் சிரித்து முடிக்கவில்லை.

"சார், அந்தக் கடிதம் மேலே போயிடுச்சா?" என்று கேட்டார் வேகம்.

"என் மேசையிலதான் கிடக்கு."

"திருப்பிக் கொடுத்துடுங்க. எனக்கும் ஒண்ணு எடுத்து வைங்க. சிவப்பு. நான் தட்டுற சத்தத்துல அக்கா சத்தம் கேட்காமப் போயிடக் கூடாது."

மெல்லிசு தன் சிவப்பைப் பெட்டியில் திரும்ப வைத்துவிட்டு நீலத்தை எடுத்தாள்.

"தலைவலி வருமே?" என்றார் கடைக்காரர்.

"மாத்திரை இருக்கு."

சிப்பாயும் நீலத்துக்கு மாறினான். மேலாளர் மட்டும் சிவப்பை விடவில்லை. "நான் வர்றது போறது யாருக்கும் தெரியக் கூடாதுப்பா."

"நீங்க தொண்டையைச் செருமாம எங்கேயாவது போயிருக்கீங்களா சார்?" என்றார் வேகம். இந்த முறை முதலில் சிரித்தது அவர்தான்.

ஒற்றை விரலால் தட்டுகிறவன் நான். யாரிடமும் சொல்லாமல் நானும் ஒரு நீலத்தை எடுத்து என் மேசையில் வைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் பெட்டியை மூடுமுன் எண்ணி எழுதினேன். மீதி நான்கு. சிவப்பு மூன்று, நீலம் ஒன்று.