ஏரியை வெட்டியவர்கள்

ஏரிக்கரைக் கல்வெட்டை வாசித்து, அணில் குட்டிகளுக்குப் பாடம் நடத்த வேண்டும் என்று ஓணான் ஒன்று மழைக்காலம் முழுக்கப் போராடியது. எழுத்துகள் அவ்வளவு தேய்ந்திருந்தன.

ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் அங்கே ஒரு வாசிக்கும் கருவியை விட்டுப் போனார்கள். அது தேய்ந்த எழுத்துகளையெல்லாம் நொடியில் வாசித்துவிட்டது. ஓணானுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி.

“இந்த ஏரியை வெட்டியவர் அரசர்” என்று கருவி முடித்தது.

“கடைசி வரியில் கல்லே உடைந்திருக்கிறதே! அரசர் என்று எங்கே பார்த்தாய்?” என்றது ஓணான்.

“பார்க்கவில்லை. மற்ற கல்வெட்டுகளில் அப்படித்தான் வரும்.”

“இருக்கட்டும் விடு, ஓணானே” என்றது கல்வெட்டு. “எனக்கும் அது பெருமைதானே?”

“வெட்டியது வேறு யாராவது என்றால்? அவர்கள் பெயரை நானே அழித்ததாகிவிடும்.”

உடைந்து விழுந்த துண்டைத் தேடி ஓணான் கீழே முட்புதருக்குள் இறங்கியது. முள் கீறியும் விடாமல் ஒவ்வொரு கல்லாகப் புரட்டியது. கடைசியில் ஒரு சில்லைத் தலையால் முட்டி உருட்டிவந்து, உடைந்த இடத்தில் பொருத்தியது.

“இப்போது வாசி.”

கருவி நிதானமாக வாசித்தது: “ஊர்ப் பெண்கள் கூடி வெட்டிய ஏரி.”