ஈ சாகிற காகிதம்

"அண்ணாச்சி, தப்பா நினைச்சுக்கிடாதீக. நேத்து மதினி ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு விவரம் கேட்டாக."

கம்பவுண்டர் செல்லப்பாண்டி குரலைத் தாழ்த்தியதுமே சுந்தர்ராஜ் சுற்றுமுற்றும் பார்த்தான். நல்லவேளை, ஏலக்காய்க் கடையில் வேறு யாருமில்லை.

"என்ன விவரம்?"

"பாஷாணத்தைக் காபியில கலந்தா கசக்குமான்னு."

"என்னது?"

"ஏன் கேக்குறீகன்னு கேட்டேன். துப்பறியும் நாவல்ல வருதாம். சீமையில நடக்குற கதையாம். அதுல ஒருத்தி ஈ சாகிற காகிதத்தைத் தண்ணியில ஊறப் போடுறாளாம். அப்படி ஒரு காகிதம் உண்டுமான்னாக. நானும் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, அந்தக் காலத்துல பாஷாணம் தோச்ச காகிதம் கடையிலயே வித்தாக, தட்டுல போட்டுத் தண்ணி ஊத்தி வச்சா ஈ குடிச்சுட்டுச் சாகும்னு சொல்லித் தொலைச்சுட்டேன். அப்புறந்தான் யோசிச்சேன். வீட்டுல அம்மா வேற வயசானவுக..."

செல்லப்பாண்டி படியிறங்கிப் போய்விட்டான்.

போன வாரம்தான் பத்திரம் எழுதும் மலைச்சாமி வந்திருந்தார். உயிலை மாற்றி எழுதுவதற்குள் ஆள் செத்துப்போனால் பழைய உயில் செல்லுமா என்று சுந்தர்ராஜின் மனைவி சொர்ணலதா அவரிடம் கேட்டாளாம்.

அதற்கு முன்னால் ரிட்டயர்டு ஏட்டு ஒச்சாண்டி. துணியைச் சுற்றிக்கொண்டு தொட்டால் கைரேகை விழுமா என்று அவரிடம் ஒரு கேள்வி. உலகத்திலேயே கைரேகைக்கென்று முதல் ஆபீஸ் நம் கல்கத்தாவில்தான் திறந்தார்கள் என்று பெருமையாக அளந்துவிட்டு, வீட்டுக்குப் போன பிறகுதான் ஏட்டுக்கு வேர்த்திருக்கிறது.

பாஷாணம், உயில், கைரேகை. கடையும் வீடும் அம்மா சுகிர்தத்தின் பேரில். போடி பஜாருக்குக் கணக்குப் போடச் சொல்லித் தரவேண்டுமா என்ன?

சுந்தர்ராஜ் கம்பத்திலிருக்கும் மாமனாருக்கு டிரங்கால் போட்டுவிட்டு, கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

அவனுக்கு முன்பே செய்தி வந்து சேர்ந்திருந்தது. பக்கத்து வீட்டு ஞானசெல்வி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். சுகிர்தம் மடியில் பைபிளோடு பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

சுகிர்தம் சபையின் பெண்கள் சங்கத் தலைவி. கொலைக் கதை படிக்கிற வீட்டில் சாத்தான் குடியிருப்பான் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்பவள். கண்ணில் புரை விழுந்ததிலிருந்து அவளால் வாசிக்க முடியாது. தினமும் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு மருமகள்தான் வேதம் வாசித்துக் காட்டுகிறாள். அந்த நேரத்தில் தெருவில் யாரும் கதவைத் தட்டுவதில்லை.

"என்ன செய்ய ஞானம்?" என்றாள் சுகிர்தம். "வேதம் வாசிக்கிற அதே வாயால கொலைக் கதையும் வாசிக்கா. நான் ஜெபம்தான் பண்ண முடியும்."

"லதா! துணிமணியை எடுத்து வை" என்று கத்தினான் சுந்தர்ராஜ். "கம்பத்துக்கு டிரங்கால் போட்டு உங்கப்பாட்டச் சொல்லிட்டேன். அடுத்த பஸ்சுக்குக் கிளம்பு. புத்தி தெளிஞ்சா வா. இல்லாட்டி அங்கனயே கெட."

சொர்ணலதா அடுப்படியிலிருந்து வந்தாள். மாமியாரைப் பார்த்தாள். மாமியார் பைபிளைப் பார்த்தாள்.

"ஊரெல்லாம் போய்க் கேட்டியே, எதுக்கு? உனக்கென்ன அதுல அம்புட்டு அக்கறை?"

"சும்மா... தெரிஞ்சுக்கிடத்தான்."

"கல்லுளிமங்கி! வேற வார்த்தை வருதா பாரு."

கண்ணீர்தான் வந்தது. உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தாள்.

பெட்டி வாசல்படியைத் தாண்டப்போன நேரத்தில், "நில்லுப்பா" என்றாள் சுகிர்தம். "அவளை அனுப்பாத."

"அம்மா, உங்க உசிருக்கே..."

"என் உசிரு கர்த்தர் கையில இருக்கு. சின்னப்புள்ள, அறியாம செஞ்சுட்டா. தப்பு அந்தப் புத்தகத்து மேல. அதை இங்க குடு. என் டிரங்குப் பெட்டியில போட்டுப் பூட்டுறேன். லதா, போய் எனக்கு ஒரு காபி போட்டுக் கொண்டா."

புத்தகம் பெட்டிக்குள் போய்ப் பூட்டு விழுந்தது; காபி வந்தது. எல்லோரும் பார்க்க, சுகிர்தம் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள்.

ஞானசெல்வி கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். "மாமியார்னா இப்படில்ல இருக்கணும்! ஞாயித்துக்கிழமை சபையில நான் சாட்சி சொல்லப்போறேங்க்கா."

சுந்தர்ராஜின் முகம் சிறுத்துப்போனது. "பாத்தியா லதா? உன் மேல எவ்வளவு பிரியம்! அம்மாட்ட மன்னிப்புக் கேளு."

"மன்னிச்சிருங்க அத்தை."

"கர்த்தர் மன்னிப்பாரு" என்றாள் சுகிர்தம். "சரி, வேதம் வாசிக்கிற நேரமாச்சு. எல்லாரும் பொழைப்பைப் பாக்கப் போங்க."

போனார்கள். தெரு முழுக்க சுகிர்தத்தின் பெருந்தன்மையைப் பேசிக்கொண்டே போனார்கள்.

சொர்ணலதா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சுகிர்தம் பைபிளை மேசைமேல் வைத்துவிட்டு, இடுப்புச் சாவியை எடுத்து டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். நாவலை மருமகள் கையில் திணித்தாள்.

"கண்ணைத் தொடச்சுக்கிட்டு, நேத்து விட்ட எடத்துலருந்து வாசி. அதுக்கு முன்னால இதைச் சொல்லு. உன்னையக் கேட்டுட்டு வரச் சொன்னேனே... காபியில போட்டா கசக்குமா கசக்காதா, கம்பவுண்டர் என்னதான் சொன்னான்?"