ராக்காயி கடித்த பழம்

ராக்காயி என்ற பழந்தின்னி வௌவால் குடியிருந்த காட்டை வெட்டிவிட்டுச் சொகுசு விடுதி கட்டினார்கள். பசியோடு பறந்து வந்த ராக்காயி, ஊரோரம் ஒரு பன்றிப்பட்டிக்கு மேலே கிளை பரப்பி நின்ற மாமரத்தில் தொங்கியது.

"அக்கா, எனக்கும் ஒரு வாய் போடேன்" என்றது கீழே நின்ற பன்றி. கொழுக்கட்டை என்று அதற்குப் பெயர்.

ராக்காயிக்குத் தாராள மனசு. தான் பாதி கடித்த பழத்தைப் போட்டது. அப்படியே இரண்டும் சிநேகமாகிவிட்டன.

சில நாளில் கொழுக்கட்டை இருமியது. பிறகு அதற்குத் தீனி வைக்கும் செங்கோடன் இருமினார். பிறகு தெருவே இருமியது.

"உனக்கு ஒண்ணும் இல்லையே அக்கா?" என்று மூச்சிரைக்கக் கேட்டது கொழுக்கட்டை.

"இந்தக் கிருமி எங்க வம்சத்து உடம்புல சும்மா குடியிருக்கிறதுடா. எங்களை ஒண்ணும் செய்யாது" என்று சொல்லும்போதே ராக்காயிக்குச் சுருக்கென்றது.

படுத்த கொழுக்கட்டை எழுந்திருக்கவில்லை. ஊரார் கூடி, வௌவாலை விரட்டுவதற்காக மாமரத்தையும் வெட்டிச் சாய்த்தார்கள்.

அடுத்த ஊரில் ஒரு கொய்யாமரம் கிடைத்தது. அடியில் ஓர் ஆட்டுக்குட்டி படுத்திருந்தது.

"தம்பி, தள்ளிப் போய்ப் படு. நான் கடிச்சது கீழே விழும்" என்றது ராக்காயி.

"அதுக்குத்தானே இங்கே படுத்திருக்கேன்!" என்று ஆட்டுக்குட்டி வாயைத் திறந்தது.