புதன்கிழமைச் சங்கு

நகர மேலாளர் பதவிக்கு நேர்முகம் நடக்கிறது. இதற்குமுன் மேலாளராக வந்த மூன்று பேரும் ஒரு வருஷம்கூடத் தாங்காமல் ஓடிப்போன, அமெரிக்காவின் ஒரேகான் கடலோர ஊர் இது. இன்று நேர்முகத்துக்கு வந்திருக்கும் இந்த மெரிடித்தாவது நிலைப்பாளா என்பதுதான் மேயர் லோர்னாவின் கவலை. திடீரென்று சுனாமி எச்சரிக்கைச் சங்கு ஊளையிட, மெரிடித் நாற்காலியை விட்டு எழுகிறாள். "உட்காருங்கம்மா. புதன்கிழமை புதன்கிழமை ஊதிப் பார்க்கிறதுதான். எங்க ஊர்க் கடல்காக்காகூட இதுக்குப் பறக்காது," என்று காபியை உறிஞ்சுகிறார் நகரமன்ற உறுப்பினர் ஹார்லன். எல்லோரும் சிரிக்கிறார்கள். லோர்னாவும் சிரிக்கிறாள். மெரிடித்தின் விமான நேரத்துக்காக, வழக்கமான புதன் கூட்டத்தைத் தானே செவ்வாய்க்கு மாற்றியது அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது. நிலம் அதிரவில்லை; தம்ளர்களில் தண்ணீர்கூட அசையவில்லை. லோர்னா திரும்பிப் பார்க்கிறாள். சன்னலுக்கு வெளியே, மதிய வெயிலில், சற்றுமுன் மிதந்த படகுகள் ஒவ்வொன்றாகச் சேற்றில் சாய்கின்றன.