அரசர் படகு கட்டிய கம்பம்

பார்லிஹித் கிராமத்தின் பெருமை, ஆற்றங்கரையில் நின்ற ஓர் ஓக் மரக் கம்பம். 1644இல் போரில் தோற்று ஓடிவந்த அரசர், தம் படகை அதில்தான் கட்டினாராம். அரை மணி நேரம் இருந்தாராம். அந்த அரை மணி நேரத்தை வைத்துத்தான் ஊர் இன்றுவரை பிழைக்கிறது. கம்பத்தின் படம் அச்சிட்ட கோப்பையும் பிஸ்கட் டப்பாவும் ஹில்டாவின் தேநீர்க் கடையில் கிடைக்கும். அவள் கணவர் கிளெமெண்ட், மரபுக் குழுத் தலைவர்.

மர வளையங்களை எண்ணி வயது சொல்லும் நிபுணர் பிரையனி வருவதாகக் கடிதம் வந்ததும் கிளெமெண்ட் வெளிறிப் போனார்.

“நல்லதுதானே? வயசு தெரிஞ்சா நாடே வந்து பாக்கும்” என்றாள் ஹில்டா.

“அது டூப்பு, ஹில்டா. நாப்பத்தேழு வெள்ளத்துல அசல் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. எங்கப்பாதான் வேற ஒண்ணை நட்டார். அவரே சொன்னார்.”

கடைச் சுவரில் அப்பாவின் படம் தொங்கியது. ஆறடி மீன் பிடித்த கதையைச் சொல்லி, கைகளை அகல விரித்து நின்றார். படத்தில் மீன் இல்லை.

“இத்தனை வருஷமா இதைச் சொல்லாம என்னைக் கோப்பை விக்க விட்டியா?”

“வித்துச்சுல்ல?”

ஞாயிறன்று வாத்துப் பந்தயம். ஊரே பாலத்தில் நின்று, மிதந்துவரும் ஐந்நூறு பிளாஸ்டிக் வாத்துகளுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தது. கிளெமெண்ட் ரம்பத்துடன் கரைக்குப் போய், கம்பத்தைத் தரையோடு அறுத்தார். தள்ளுவண்டியில் கடையின் பின்புறம் கொண்டுவந்து துண்டு துண்டாக வெட்டினார். பிறகு ஓடிப்போய், வென்ற வாத்துக்குப் பரிசும் வழங்கினார்.

மாலையில் “திருட்டு!” என்று முதலில் கத்தியவரும் அவர்தான்.

“லண்டன்லேருந்து வந்து பழைய மில்லை வாங்கியிருக்கானே, அவன் மேல ஒரு கண்ணு வைங்க” என்றார் போலீஸிடம். “டூரிஸ்ட்டைக் கண்டாலே அவனுக்கு ஆகாது.”

பிரையனி வந்தாள். வெறும் கரையைப் பார்த்தாள். திரும்பிப் போகாமல் சேற்றைத் தோண்டி, அடிக்கட்டையில் ஒரு துண்டு எடுத்துப் போனாள். அது எப்போதோ மட்கியிருக்கும் என்று கிளெமெண்ட் நினைத்திருந்தார். மூன்று வாரம் தூங்கவில்லை.

முடிவோடு வந்தவள் கடையில் கணப்பருகே அமர்ந்து கைகளை நீட்டினாள்.

“எவ்வளவு இதமா இருக்கு! நல்லா காஞ்ச ஓக் போல.”

“ஏதோ பழைய கட்டை” என்றார் கிளெமெண்ட். “முடிவு என்னாச்சு?”

“சேத்துக்குள்ள காத்துப் படாததால பட்டைகூட உதிரல. 1639 பனிக்காலத்துல வெட்டின மரம், சார். அசலேதான்! அறுத்தவன் மாட்டினா ஜெயில் நிச்சயம்.”

கணப்பில் கடைசித் துண்டு படீரென்று வெடித்தது.

ஹில்டா தேநீர் ஊற்றுவதை நிறுத்திச் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

“அப்போ அந்த ஆறடி மீனும் பொய்தானா, கிளெம்?”