மேனுகாவின் முகம்

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை, மட்டக்களப்பு நாவலடிக்குள் கடல் புகுந்தது.

"இதுவும் அவளில்ல அண்ணன்."

மறு ஆண்டு கார்த்திகை மாதம். ஆரையம்பதியில் பெயர்ப்பலகை எழுதும் தங்கராசாவின் விறாந்தையில் நின்று கிருஷாந்தினி படத்தைத் திருப்பி நீட்டினாள். தாளில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடலோடு போனவர்களின் படங்களும் கடலோடு போயிருந்தன. திவசத்தில் மாலை போட ஒரு முகம் வேண்டுமென்று சனங்கள் தங்கராசாவிடம் வந்தார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல அவன் பென்சிலால் படம் கீறுவான். தாயின் கண், தமையனின் நாடி என்று மிஞ்சியிருப்பவர்களிடமிருந்து எடுத்துச் சேர்ப்பான். பார்த்ததும் அழுதுகொண்டே வாங்கிப் போவார்கள். கிருஷாந்தினி மட்டும் அழவில்லை. மகள் மேனுகாவின் படத்தில் ஒவ்வொரு முறையும் பிழை சொன்னாள்.

பிழை என்றால் தங்கராசாவுக்குச் சோறு இறங்காது. ஓர் எழுத்து மயிரிழை சரிந்ததற்காக முழுப் பலகையையும் சுரண்டிவிட்டுப் புதிதாக எழுதுகிறவன். "தங்கராசாட பலகை வாறதுக்குள்ள கடைய மூடிருவம்" என்று சந்தியில் பகிடி விடுவார்கள்.

"எது பிழை புள்ள?"

"மூக்கு. இவ்வளவு கூர் இல்ல."

போன கிழமை கூர் போதாது என்று சொன்னவளும் அவள்தான். தனக்குத்தான் விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டான். நெற்றியும் அப்படித்தான், அகலமென்றாள், பிறகு ஒடுக்கமென்றாள். அவன் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிக் கீறினான். மாற்ற மாற்றப் பிள்ளை தூரத் தூரப் போனாள்.

பிள்ளையைத் தெரிந்த வேறு யாரையாவது கூட்டி வரச் சொன்னான். கிருஷாந்தினி தலையை ஆட்டினாள். புருசன், மாமி, பக்கத்து வீட்டார், படிப்பித்த ரீச்சர், எல்லாரும் ஒரே காலையில் போனவர்கள். நாவலடியில் அவளுடைய ஒழுங்கை வீடுகளில் மிஞ்சியவள் அவள் ஒருத்திதான்.

மூக்கைத் திருத்திக் காட்டினான். அவள் நெடுநேரம் பார்த்தாள். கண் சரியில்லை என்றாள்.

தங்கராசா பென்சிலைக் கீழே வைத்தான். இனி கடைப் பலகைகூட எழுதுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துகொண்டான்.

"என்னால ஏலாது புள்ள. திவசத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் கிடக்கு, வேற ஆரையும் பாரு. உன்ட புள்ளைய நான் பழுதாக்கிப்போட்டன். இந்தக் கை ஒண்டுக்கும் உதவா."

கிருஷாந்தினி விறாந்தைக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். குரல் ஏறாமல் சொன்னாள்.

"உங்கட கையில பிழை இல்ல அண்ணன். அவள்ட முகம் எனக்கு மறந்துபோச்சு. எத்தினையோ மாசமாச்சு. பெத்தவளுக்கு மறக்குமா எண்டு கேப்பாங்க, ஆருக்கிட்டச் சொல்ல? நீங்க கீறுறதுல எங்கயாவது அவளக் காணுவன் எண்டுதான் பிழை பிடிச்சிக்கிட்டு இருந்தனான்."

கீறிய படங்களில் மேலே கிடந்த தாளை அவள் எடுத்துக்கொண்டாள். தங்கராசா அதை வாங்கித் திருத்தவில்லை.

திவசத்தன்று அந்தப் படத்துக்கே கிருஷாந்தினி மாலை போட்டாள்.