மூன்று கரண்டி கொசுறு

"முதல்ல கடலைத் திருப்பிக் குடு. அப்புறம் கடையைக் கேளு, சிலிக்காரா!"

எல்லாரும் மரியாதையாக 'தோன்யா' என்று அழைக்கும் பிரிமித்திவா இப்படிச் சொன்னதும் சூக்ரே நகரச் சந்தையின் சாப்பாட்டுக் கூடமே சிரித்தது. லாவுதாரோவும் சிரித்து வைத்தார். என்றைக்கோ நடந்த போரில் பொலிவியாவின் கடற்கரையைச் சிலி பிடுங்கிக்கொண்டது. அதற்கு இந்தச் சந்தையில் மூன்று மாதமாக அவர் ஒருவர்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் இன்றைக்கு அது வெறும் கிண்டல் இல்லை. மதியக் கூட்டம் கலைந்ததும் கடைக்காரப் பெண்கள் எல்லாரும் பழப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். லாவுதாரோவுக்குக் கொடுத்த மூன்று மாதக் கெடு முடிந்துவிட்டது. அவருடைய நிலக்கடலை சூப்புக் கடை இருக்கலாமா, கிளம்ப வேண்டுமா என்று கை தூக்கிச் சொல்லப் போகிறார்கள். சங்கத் தலைவி பிரிமித்திவாவின் கை எந்தப் பக்கமோ, மற்ற கைகளும் அந்தப் பக்கம்தான்.

கிளம்பச் சொன்னால் எங்கே போவது? சிலியில், தால்கா ஊரில் இருந்த டயர் கடையையும் வீட்டையும் விற்றுவிட்டுத்தான் வந்திருந்தார். ஐம்பத்திரண்டு வயதில் இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

"எங்க ஊரு சூப்பை எங்களுக்கே விக்க நீ எதுக்கு மலையேறி வரணும்?" என்றார் பிரிமித்திவா. "உங்க ஊர்ல மீன் இருக்கு, கடல் இருக்கு. அதுவும் எங்க கடல்!"

"கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்திருக்காரு," என்றாள் பழச்சாறு விற்கும் எலோய்சா.

"காரணம் இருக்கு தோன்யா. அதைக் கேட்டுட்டு அப்புறம் கையைத் தூக்குங்க."

"சொல்லு. வளவளன்னு இழுக்காம சொல்லு. எனக்கு நாளைக்கு வறுவலுக்கு இன்னும் கறி வெட்டணும்."

லாவுதாரோ தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால, முதுகுல ஒரு பையை மாட்டிக்கிட்டு ஊர் ஊரா சுத்திக்கிட்டிருந்தேன். எங்கம்மா செத்துப் போன வருஷம் அது. வீட்டுல இருக்கப் பிடிக்கல. எதைத் தின்னாலும் மண்ணு மாதிரி இருந்துச்சு. அப்படியே இந்தச் சந்தைக்குள்ள வந்தேன். அதோ, அந்த மூணாவது தூண் பக்கத்துல ஒரு அம்மா பானை வெச்சிருந்தாங்க. ரெட்டைப் பின்னல். தொப்பியைக் கண்ணு வரைக்கும் இழுத்து விட்டிருந்தாங்க. ஒரு கிண்ணம் நிலக்கடலை சூப்பு வாங்கினேன்."

"சரி, வாங்கினே. அதுக்கு?"

"அடேயப்பா, அது என்ன ருசி! லேசா ஒரு புகை வாசம். எங்கம்மா போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் நாக்குல ருசின்னு ஒண்ணு தெரிஞ்சுது. அழுதுக்கிட்டே சாப்பிட்டேன். கிண்ணம் காலியானதும் அந்தம்மா, நான் கேக்காமலே, ஒரு கரண்டி கொசுறு ஊத்தினாங்க. அப்புறம் இன்னொரு கரண்டி. அப்புறம் இன்னொண்ணு. ஒரு வார்த்தை பேசல. முன்பின் தெரியாதவனுக்கு, அதுவும் ஒரு சிலிக்காரனுக்கு, இப்படி ஒரு மனசா? என்னைக்காவது இந்த ஊருக்கே வந்து, இதே சூப்பைத்தான் விக்கணும்னு அன்னைக்கு முடிவு பண்ணினேன். இவ்வளவு வருஷம் ஆயிடுச்சு."

"மூணு கரண்டி கொசுறா? இந்தச் சந்தையிலயா?" எலோய்சா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பசி மயக்கத்துல கனவு கண்டிருப்பீங்க!"

வந்த நாளிலிருந்து அந்த அம்மாளைப் பற்றி எல்லாரிடமும் அவர் விசாரித்திருந்தார். யாருக்கும் தெரியவில்லை. பிரிமித்திவாவிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் கரண்டியோடு துரத்துவார் என்ற பயம்தான். பிரிமித்திவாவிடம் கொசுறு வாங்குவதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்று என்று சந்தைக்கே தெரியும். கொசுறைப் பற்றிப் போய் அவரிடம் கேட்பதா?

பிரிமித்திவா சிரிக்கவில்லை. எழுந்து நேராக லாவுதாரோவின் கடைக்குப் போனார். பானையைத் திறந்து ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடித்தார்.

"கடலையை வறுத்தியா?"

"வறுத்தும் பார்த்தேன், வறுக்காமலும் பார்த்தேன். விறகு அடுப்புல வெச்சுக்கூடப் பார்த்தேன் தோன்யா. அந்தப் புகை வாசம் மட்டும் வரமாட்டேங்குது. அந்தம்மா கைப்பக்குவம் எனக்கு எங்க வரப் போகுது?"

"வராது. நீ ஒழுங்காச் சமைக்கிறே," என்றார் பிரிமித்திவா.

பிறகு எல்லாரையும் பார்த்துக் கையைத் தூக்கினார். "கடை இருக்கட்டும்."

எலோய்சா திறந்த வாயை மூடாமலே கையைத் தூக்கினாள். மற்ற கைகளும் மளமளவென்று எழுந்தன. கூட்டம் கலைந்து அவரவர் கடைக்குப் போனார்கள். லாவுதாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றி தோன்யா. ஆனா, ஏன்னு புரியலையே?"

பிரிமித்திவா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அது புகை வாசம் இல்ல தம்பி, அடிப்பிடிச்ச நாத்தம். நான் கடை போட்ட முதல் நாள் அது. வாய்ல வெச்சவங்க எல்லாம் துப்பிட்டுப் போனாங்க. பானையைக் கவுத்துட்டு ஊரைப் பார்க்கப் போயிடலாம்னு தொப்பிக்குள்ள அழுதுக்கிட்டு நின்னேன். அப்பத்தான் நீ வந்து, ஊத்த ஊத்த வழிச்சுக் குடிச்சே. அந்த ஒரு தைரியத்துலதான், சூப்பை விட்டுட்டு வறுவல் போட்டுப் பார்ப்போம்னு மறுநாளும் கடையைத் திறந்தேன்."